கதவைச் சாத்தினால் தெரியும் வெளிச்சம்

நம் கம்பெனி சரக்கு ரசீதின் பின்பக்கத்தை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களில் யார் யார் முழுதாகப் படித்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, வெட்கப்படாதீர்கள். எறும்பு சைஸ் எழுத்து, வரிக்கு வரி "பொறுப்பல்ல, பொறுப்பல்ல" என்றே போகும். மழை பெய்தால் பொறுப்பல்ல, வேலைநிறுத்தம் வந்தால் பொறுப்பல்ல, அனுப்புகிறவர் ஒழுங்காகக் கட்டாவிட்டால் பொறுப்பல்ல. படித்து முடித்தால், அடுத்தவர் சரக்கை வாங்கிக் கப்பலேற்றி அனுப்புகிற இந்த ஃபார்வர்டிங் கம்பெனி எதற்குத்தான் பொறுப்பு என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த விதிகளை எனக்குப் புரிய வைத்தது ஆம்பூரில் ஒரு பெட்டி. கப்பலில் ஏற்றுகிற கன்டெய்னர் பெட்டி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது! உட்காருங்கள், சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் மெட்ராஸில். வேலூரில் ஒரு சின்னக் கிளை. அதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த நான் கொஞ்சம் கொஞ்சமாக ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்கிற ஆளாக ஆகியிருந்தேன். எப்படி ஆனேன் என்று கேட்காதீர்கள். வாய் இருந்தது, ஆனேன்! அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், நான் சர்ச்சில் பாட்டுப் பாடுகிற பெண். தோல் பதனிடுகிற ஷாப்பு வாசலில் போய் நின்றால் "டீச்சரம்மா, நன்கொடை வசூலா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அதுவரைக்கும் தோல் எல்லாம் கட்டாகவோ மரப்பெட்டியாகவோ லாரியில் எங்கள் கிடங்குக்கு வரும். ஒவ்வொரு கட்டையும் நாங்கள் கண்ணால் பார்ப்போம், கையால் தொடுவோம், நனைந்திருந்தால் சண்டை போடுவோம், அப்புறம்தான் ரசீது. கன்டெய்னர் வந்ததும் கதை மாறியது. காலிப் பெட்டி தொழிற்சாலை வாசலுக்கே வரும். அவர்களே சரக்கை அடுக்குவார்கள், எக்சைஸ் அதிகாரி முத்திரை வைப்பார், கதவு மூடும். அதற்குப் பிறகு கடல் தாண்டி வாங்குகிறவர் திறக்கும் வரை உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆம்பூரில் ஒரு சாகிப். சின்ன வயதில் ஒரு செருப்புக் கடையில் பசை தடவி வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு சொந்தமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிற தொழிற்சாலை வைத்தார். அந்த மேல்பாகத்தை 'அப்பர்' என்போம். பல வருஷம் பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர் நேரடியாகவே கிடைத்துவிட்டது. அவர்கள் ஊர் கோடைக்காலத்துக்கான வெள்ளை அப்பர். அதை நம்பிப் புதிதாக ஒரு தையல் கூடம் திறந்து, சுற்று ஊர்ப் பெண்களை எல்லாம் வேலைக்கு எடுத்திருந்தார். இந்த முதல் சரக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர். இல்லாவிட்டால் கூடத்தை மூடிவிட்டுப் பழையபடி அடுத்தவருக்குத் தைக்க வேண்டியதுதான். அதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளைத் தோல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கறை. மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை. கப்பலில் போகிற காலம் முழுக்க அது உள்ளேயே உட்கார்ந்து பரவும்.

பெட்டி வருகிற அன்று காலை, வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் போனேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வழியில்லாமல், கையில் இருந்த கப்பல் கம்பெனியின் விதித்தாளைப் படித்தேன். அதில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. சரக்கை அனுப்புகிறவரே பெட்டியில் அடுக்கினால், அதற்கு முன் பெட்டியை அவர் சோதித்துவிட்டதாகக் கருதப்படும். சோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய எந்தக் குறைக்கும் கப்பல் கம்பெனி பொறுப்பல்ல. கருதப்படும்! அவர் பார்த்தாரா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை. எங்கள் கம்பெனி விதியிலும் அதே பாட்டுத்தான், வார்த்தை மட்டும் வேறே.

சாகிப்பின் வாசலில் இறங்கினால் அங்கே கல்யாண வீடு! நடு முற்றத்தில் டிரெய்லர் மேல் பெட்டி நிற்கிறது. கதவுக்கு சாமந்தி மாலை. டிரைவர் முனுசாமி, நாட்றம்பள்ளிக்காரர், சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார். சாகிப் வெள்ளை ஜிப்பாவில் நின்று ஃபாத்திஹா ஓதி முடித்துவிட்டார். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வந்து இறங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சாகிப் ஓடி வந்தார்.

"வாங்க ஸ்டெல்லாம்மா! உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம். நீங்களும் உங்க முறையில ஒரு ஜெபம் பண்ணிடுங்க. எந்த சாமியும் பாக்கி இருக்கக் கூடாது!"

நானும் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும்தான் அந்த வரி நினைவுக்கு வந்தது.

"சாகிப், பெட்டிக்குள்ள யாராவது போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தமே! பெருக்கி, துடைச்சு, சாம்பிராணியே போட்டாச்சு. வாசனை வருது பாருங்க."

"கதவைச் சாத்திப் பாத்தீங்களா?"

எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதிக்கிற ஒரு சர்வேயர், பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, காலிப் பெட்டிக்குள் புகுந்து கதவைச் சாத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் இருட்டில் நின்றுவிட்டு வெளியே வருவார். ஏன் சார் என்று ஒருநாள் கேட்டேன். "வெளிச்சம் வர்ற வழியில தண்ணி வரும்மா" என்றார். அவ்வளவுதான் அவரிடம் நான் படித்த படிப்பு.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். "சாத்துங்க!" என்றேன். முனுசாமி சாத்தினார். பெட்டிக்குள் சாம்பிராணி வாசம், என் மூச்சு சத்தம், கும்மிருட்டு. கண் பழகட்டும் என்று நின்றேன். பழகியது. பின் மூலையில், கூரையில், என் விரல் நீளத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு! கிரேன் கொக்கி எதுவோ குத்திக் கிழித்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் சத்தியமாகக் கண்ணில் படாது.

கதவைத் தட்டோ தட்டென்று தட்டி வெளியே வந்தேன்.

"இந்தப் பெட்டியில ஏத்தக் கூடாது! கூரை கிழிஞ்சிருக்கு!"

முதலில் பொங்கியது முனுசாமிதான்.

"இன்னாமா சொல்றே? இப்பத்தான் காய் ஒடச்சு கும்பிட்டுக்கினு நிக்கறோம், அபசகுனமா பேசற? ராத்திரியெல்லாம் மழையில ஓட்டிக்கினு வந்திருக்கேன். என் வண்டி மேல பழி போடாத!"

"உங்க வண்டியை யாரு சொன்னா? உள்ள போய் நீங்களே பாருங்க! மூணு சாமியும் கும்பிட்டாச்சு, பெட்டிக்குள்ள மட்டும் யாரும் எட்டிப் பாக்கல!"

அவர் போய்ப் பார்த்தார். இறங்கி வந்து சாகிப்புக்குக் கதவைத் திறந்துவிட்டார். சாகிப்பும் போய்ப் பார்த்தார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். வேறு பெட்டி வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும். மறுநாளோடு அந்தக் கப்பலுக்குப் பெட்டி வாங்குவதை நிறுத்தித் துறைமுக வாசலை மூடிவிடுவார்கள். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது போய்ச் சேர்ந்து, அவர்கள் அடிப்பாகம் வைத்து ஷூவாக்குவதற்குள் கடைகளில் கோடைக்கால ஷூ வியாபாரம் தொடங்கிவிடும், ஆர்டர் ரத்து. முத்திரை வைக்க வந்த அதிகாரி, தனக்கு வாணியம்பாடியில் வேலை இருக்கிறது என்று நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

சாகிப் அலுவலகத்திலிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு எங்கள் மேனேஜரைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வேற பெட்டி இல்லம்மா. நீ எதுக்கு உள்ள போன?" என்றார்.

"சார்?"

"அது ஷிப்பர் வேலை, சரக்கு அனுப்பறவர் வேலை. அவர் லோடு பண்றாரு, அவர் பொறுப்பு. நம்ம கண்டிஷன்ல தெளிவா இருக்கு. பேசாம ஏத்தச் சொல்லு."

"ஓட்டை இருக்குன்னு எனக்குத் தெரியுமே சார்!"

"தெரியாத மாதிரி இரு."

"பாக்காம விட்டவங்களுக்குத்தான் சார் அந்த கண்டிஷன் துணைக்கு வரும். பாத்துட்டு வாயை மூடிக்கினு இருந்தவங்களுக்கு எந்த கோர்ட்டுல வரும்? நான் பாத்துட்டேன். நம்ம கம்பெனி பாத்துடுச்சு சார்!" என்று கத்தினேன். லைன் கரகரத்தது. கட்டானதா, அவர் வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பினால் சாகிப் பக்கத்தில் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"ஸ்டெல்லாம்மா, ஒண்ணு சொல்லுங்க. ஓட்டைப் பெட்டி குடுத்தவனுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?"

"நீங்க பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னா, பொறுப்பு உங்களுது."

"பாக்கலேன்னா?"

"பாக்காததும் உங்க தப்புதான்."

"அரே! இன்னாம்மா நியாயம் இது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே சமாதானமாகி, இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வதைச் சொன்னார். "சரி, பேஜார் வேணாம். நா ஒரு கியாரண்டி பேப்பர் எழுதித் தர்றேன். எது ஆனாலும் உங்க கம்பெனி மேல வராது. நல்ல நேரத்துல வாசலுக்கு வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஏத்திடலாம். அல்லா பாத்துக்குவாரு."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோல் வட்டாரமே இப்படிக் கடிதத்தில்தான் ஓடியது. கட்டு ஈரமா, கடிதம். பெட்டி உடைசலா, கடிதம். வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக இருப்போம். என் மேனேஜரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். நான் தலையை ஆட்டியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஜன்னல் வழியே தையல் கூடம் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அத்தனை பெண்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பேப்பர் எங்களைக் காப்பாத்தும் சாகிப்," என்றேன். "உங்க வெள்ளைத் தோலுக்குக் குடை பிடிக்காது. எனக்கு அந்தப் பேப்பர் வேணாம். ஓட்டையை அடைக்க வழி சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பெட்டியின் கூரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, தொழிற்சாலையே அதிரக் குரல் கொடுத்தார். "சாம்பிள் ஷூவுக்கு வச்சிருக்கற ரப்பர் சோல் ஷீட் கொண்டாங்கடா! பசை டின்னு! அரம்! சுத்தியல்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆம்பூர்க்காரர்கள் கப்பல் பெட்டிக்கு ஷூவைப் போல அடிப்பாகம் ஒட்டப் போகிறார்கள்!

ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு சாகிப் தானே ஏணியில் ஏறினார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? சற்று முன் என்னிடம் சண்டை போட்ட முனுசாமி லாரித் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். கிழிசலைச் சுற்றிப் பெயின்ட் போகும் வரை அரத்தால் தேய்த்தார்கள். துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தார்கள். இரும்பில் பசை, ரப்பர் ஷீட்டிலும் பசை. தடவி முடித்ததும் சாகிப் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டுங்க சாகிப்! மழை வருது!" கீழேயிருந்து கத்தினேன். மலைப் பக்கமிருந்து ஈரக் காற்று வீசத் தொடங்கிவிட்டது.

"காயல! கை ஒட்டாத பதம் வரணும். இப்ப ஒட்டினா வாலாஜா தாண்டாது!"

"மழை பட்டா?"

"பட்டா ஒட்டவே ஒட்டாது!"

முனுசாமி தார்ப்பாயின் ஒரு முனையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். மறு முனையைக் கீழே நாங்கள் இழுத்துப் பிடித்தோம். நான், தையல் பெண்கள், கடைசியில் முத்திரை அதிகாரிகூட எழுந்து வந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். காற்று தார்ப்பாயைத் தூக்குகிறது, நாங்கள் இழுக்கிறோம். முதல் தூறல் என் முகத்தில் விழுந்தது. சாகிப் விரலால் பசையைத் தொட்டுப் பார்க்கிறார். இல்லை என்று தலையை ஆட்டுகிறார். மறுபடி தொடுகிறார்.

"இப்ப!" என்றார்.

ஷீட்டை வைத்து ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போய் சுத்தியலால் தட்டினார். டங், டங், டங் என்று முற்றம் முழுக்க சத்தம். பிறகு உள்பக்கம் முக்காலி போட்டு ஏறி அதேபோல இன்னொன்று ஒட்டினார். அவர் வெளியே வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஆம்பூர் மழை என்றால் சாதாரண மழையா, வாளியைக் கவிழ்த்த மாதிரி!

"நல்லதுதான், மழையிலயே சோதிச்சுடலாம்! சாத்துங்க!" என்று மறுபடி உள்ளே போனேன்.

கதவு மூடியது. கூரை மேல் மழை சத்தத்தில் காது அடைத்தது. மேலே பார்த்தேன். இருட்டு. அந்த மூலை எங்கே என்றே தெரியவில்லை. முக்காலியில் ஏறி ஒட்டின இடத்தைத் தடவினேன், காய்ந்திருந்தது. ஓரத்தைத் தடவினேன், காய்ந்திருந்தது. மழை நன்றாக அடித்து ஓயும் வரை கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு இல்லை! கதவைத் திறந்ததும் நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. "அல்லேலூயா" என்றேனாம். முனுசாமி பல வருஷம் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்தார்.

சரக்கை அடுக்கி, கதவை மூடி, முத்திரையும் வைத்தாயிற்று. கையெழுத்துக்கு வருவோம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, தூங்காதீர்கள். ஓட்டையைப் பற்றி எழுதாமல் விட்டால் பொய். சரக்கு ரசீதில் எழுதினால், குறை எழுதிய ரசீதை வங்கி தொடாது, பணம் கொடுக்காது, சாகிப் தொலைந்தார். ஆனால் குறை எதில் இருந்தது? பெட்டியில்தானே, சரக்கில் இல்லையே! அதனால் பெட்டியை ஒப்படைக்கிற சீட்டில், கப்பல் கம்பெனிக்குப் போகிற சீட்டில், எழுதினேன்: கூரை கிழிந்த நிலையில் வந்தது, அனுப்புகிறவர் ரப்பர் ஷீட் ஒட்டி அடைத்தார், மழையில் சோதித்தோம். முனுசாமி கையெழுத்துப் போட்டார். சரக்கு ரசீது சுத்தமாகப் போனது, ஏனென்றால் சரக்கு சுத்தமாக இருந்தது. மறுநாள் துறைமுக வாசலில் கப்பல் கம்பெனி ஆள் பெட்டி மேல் ஏறி, ஒட்டை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாராம்.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்கள் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. மேனேஜர் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சாகிப் ஆம்பூரிலிருந்து போன் செய்து, "எதாச்சும் சேதி வந்துதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். ஒட்டு கடலில் விட்டுப்போனால், அடைத்தது நாம்தான், சொன்னது நான்தான். யாரும் பொறுப்பல்ல என்று சொல்ல எனக்கு ஒரு வரி கூட மிச்சமில்லை. அதுவும் தெரிந்துதான் செய்தேன்.

ஒரு நாள் டெலக்ஸ் வந்தது. வாங்கினவர் பெட்டியைத் திறந்துவிட்டார். சரக்கு அத்தனையும் காய்ந்து, நல்ல வெள்ளையாக வந்து சேர்ந்தது, அடுத்த ஆர்டர் அனுப்புகிறோம் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி: பெட்டிக்கும் ஷூ போட்டு அனுப்பியது யார்?

நான் போனில் அதை சாகிப்புக்குப் படித்துக் காட்டினேன். ரிசீவரில் தையல் மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "யா அல்லா" என்றார். அவர் அழுதார், நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? மேனேஜர் அந்த மாதமே எல்லாக் கிளைகளுக்கும் ஒரு உத்தரவு அனுப்பினார், காலிப் பெட்டியைக் கதவு சாத்திச் சோதித்த பிறகே ஏற்ற வேண்டும் என்று. தானே யோசித்துக் கண்டுபிடித்தது போல எழுதியிருந்தார். இருக்கட்டும், நல்ல உத்தரவு.

அடுத்த ஆர்டருக்குப் பெட்டி வந்த அன்று நான் ஆம்பூருக்குப் போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. முற்றத்தில் டிரெய்லர் நிற்கிறது. சாமந்தி மாலை கூடையிலேயே இருக்கிறது. பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு முனுசாமி சும்மா நிற்கிறார்.

"இன்னா முனுசாமி, இன்னும் காய் ஒடைக்கலையா? சாகிப் எங்கே?"

அவர் மூடிய பெட்டியைக் கையால் காட்டினார். "உள்ளதான் கீறாரு. அவரு பாத்துட்டு வந்து சொன்னாத்தான் சாமியே கும்பிடணும்னுட்டாரு."

நான் பெட்டியின் பக்கத்தில் போய்க் கையால் தட்டினேன்.

"சாகிப்! என்ன தெரியுது?"

உள்ளேயிருந்து அவர் குரல் முழங்கியது, பண்டிகை நாள் சந்தோஷத்தோடு.

"ஒண்ணுமே தெரியல, ஸ்டெல்லாம்மா! ஒண்ணுமே தெரியல!"